மான் வயலுக்கு விதை வாங்கப் போகிறீர்களா? பையில் அச்சடித்த கொம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வீட்டோடு நாலைந்து ஏக்கர் சேர்த்து வாங்கி, அக்டோபர் பிறந்ததும் வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். ஊரில் மான் மேல் கை வைத்தால் ஜெயில். இங்கே லைசென்ஸ் எடுத்துவிட்டு, சீசன் விதிகளுக்குள் நின்றால் போதும். அவர்களில் யாராவது இந்த வருடம் மான் வருவதற்காக டர்னிப் போடலாம் என்று நினைத்தால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்குச் செடி), ரேப் (இலைக்காகப் போடும் தீவனச் செடி), முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள் விதைத்துவிட வேண்டும். முழுதாக வளர 60 முதல் 90 நாள் ஆகும். வில் சீசன் அக்டோபர் 1, துப்பாக்கி சீசன் நவம்பர் 15. விதைப்பு தவறினால் அந்த வருடம் போனது போனதுதான். இது விற்கிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நான் வாங்கியது பக்கத்து ஊரில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையில். ஐந்து பவுண்டு பை. முகப்பில் மரக்கிளை மாதிரி கொம்போடு ஒரு ஆண் மான். ‘ஒரு ஏக்கருக்குப் போதும், உழவே வேண்டாம், தூவிவிட்டு வந்துவிடுங்கள்’ என்றார் கடைக்காரர். மண் பரிசோதனையில் பி.எச். 5.4 வந்திருக்கிறது, அதாவது அமிலத்தன்மை அதிகம் என்றேன். உடனே ஒரு கேன் திரவச் சுண்ணாம்பை எடுத்து வைத்தார். டன் கணக்கில் கொட்டிக் கஷ்டப்பட வேண்டாமாம், இதைத் தெளித்தாலே சரியாகிவிடுமாம்.

செப்டம்பரில் வயல் பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. ஆனால் அத்தனையும் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில டர்னிப் செடி, அதுவும் மஞ்சள் பாய்ந்து, உள்ளங்கை அகல இலையோடு நின்றது.

கடையில் போய்க் கேட்டேன். முதல் பதில்: ‘மான் தின்றிருக்கும், அப்படியானால் நல்ல விதைதானே?’ இதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர், காலமெல்லாம் சோளமும் சோயாவும் போட்டவர், விதைத்த அன்றே வேலிக்கம்பியை வளையமாகச் சுருட்டி வயல் நடுவே நிறுத்தச் சொல்லியிருந்தார். அதற்குள் மான் வாய் வைக்க முடியாது. வெளியே என்ன நிலைமையோ அதேதான் கூண்டுக்குள்ளும். தின்று தீர்ந்திருந்தால் உள்ளே மட்டும் இலை முழங்கால் உயரம் நின்றிருக்க வேண்டும். கூண்டின் படத்தைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது.

‘பனி விழட்டும், அப்புறம் பாருங்கள்’ என்றார். உறைபனிக்குப் பிறகு இந்த இலைகளில் இனிப்பு ஏறும், மான்கள் அப்போதுதான் அதிகம் தேடி வரும் என்பது உண்மைதான். இந்தப் பயிரையே பார்த்திராத மான்கள் முதல் வருடம் சீண்டாமல் போவதும் உண்டு. ஆனால் இனிப்பு ஏறுவதற்கு முதலில் செடி வேண்டுமே! அவர் சொன்னதில் பெரும்பாலானவை இந்த ரகம். பேச்சு உண்மை, இடம்தான் தப்பு. நாள் கடத்தினால் பில்லில் போட்டிருக்கும் திருப்பித் தரும் கெடுவும் தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்து காலிப் பையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் விலை ஸ்டிக்கரை உரித்தால், அடியில் விதை டேக். அமெரிக்காவில் 1939இலிருந்து கூட்டாட்சி விதைச் சட்டம் இருக்கிறது. என்னென்ன விதை எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எவ்வளவு, எந்த மாதம் சோதித்தது என்று டேக்கில் போட்டாக வேண்டும். போட்டும் இருந்தார்கள். ஆண்டு ரைகிராஸ் என்கிற புல் விதை 40 சதவீதத்துக்கு மேல். விதை மேல் பூசிய பூச்சு, தூசி எல்லாம் சேர்த்து 30. டர்னிப்பும் ரேப்பும் சேர்ந்தே மிச்சம் 30கூடத் தேறவில்லை. சோதனைத் தேதி போன வருடத்துக்கும் முந்தைய வருடம்.

கணக்குப் போடுங்கள். ஐந்து பவுண்டில் 30 சதவீதம் ஒன்றரை பவுண்டு. அதில் 80 சதவீதம் முளைத்தால் 1.2 பவுண்டு. டர்னிப் மட்டும் தூவினாலே ஏக்கருக்கு நான்கைந்து பவுண்டு வேண்டும். ரைகிராஸ் மலிவான விதை, நாலே நாளில் முளைத்துப் பச்சை காட்டும், வாங்கியவருக்குத் திருப்தி. புல்லை மட்டும் கொல்லும் கிளெத்தோடிம் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அதை அடித்திருந்தால் என் வயலில் வெறும் மண்தான் மிஞ்சியிருக்கும்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. டர்னிப், ரேப் விதை பார்வைக்கு அசல் கடுகுதான். முள்ளங்கி கொஞ்சம் பெரிசு, செம்பழுப்பு. ரைகிராஸ் நீளமாக, உமியோடு இருக்கும். பையைப் பிரித்து ஒரு கை அள்ளினால் கடுகு டப்பாவில் சீரகம் கொட்டிய மாதிரி தெரிந்துவிடும். பச்சை, நீல நிறத்தில் பூச்சு இருந்தால் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். பிறகு நூறு விதையை எண்ணி ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி வையுங்கள். ஐந்து நாளில் எத்தனை முளைக்கிறதோ அதுதான் உங்கள் சதவீதம்.

திரவச் சுண்ணாம்பைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன், சிரித்தேவிட்டார். கேனில் இருப்பதும் தண்ணீரில் கலக்கிய அதே சுண்ணாம்புத் தூள்தான், சில கிலோ. 5.4இல் இருக்கும் மண்ணை 6.5 பக்கம் கொண்டுபோக ஏக்கருக்கு டன் கணக்கில் வேண்டும், அதுவும் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். தழைச்சத்து பற்றிப் பையில் ஒரு வார்த்தை இல்லை. ஏக்கருக்கு 60 பவுண்டாவது தழைச்சத்து போடாவிட்டால் டர்னிப் மஞ்சளாகத்தான் நிற்கும்.

கடைசியில் கடைக்காரர் சொன்ன பரிகாரம்தான் உச்சம். பெட்ரோல் பங்கில் மூட்டையாக விற்கிற சுகர் பீட் கிழங்கை வாங்கி வயலில் கொட்டச் சொன்னார். நான் இருப்பது மிச்சிகனின் தென்பாதியான கீழ்த் தீபகற்பத்தில். 2015இல் காட்டு மான்களிடம் நாட்பட்ட நலிவு நோய் (CWD, மானை உருக்கிக் கொல்லும் தொற்று) கண்டுபிடிக்கப்பட்டு, அது பரவாமல் இருக்க 2019 ஜனவரி 31 முதல் இங்கே மானுக்கு இரை போடுவதையே தடை செய்தார்கள். நிலத்தில் விளைந்து நிற்கும் பயிர் பக்கத்தில் வேட்டையாடலாம். மூட்டையிலிருந்து கொட்டியது இரை. பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது அவரா, நானா?

பணம் திரும்பவில்லை. அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், அதுவும் பாதித் தொகைக்கு. நான் எடுக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் பெரியவர் பேச்சைக் கேட்டு ரை தானியம் தூவினேன். இது ரைகிராஸ் அல்ல, குளிரிலும் முளைக்கிற தானியப் பயிர். அதில் மான் மேய்ந்தது.

இந்த வருடம் விவசாயிகள் போகிற தீவனக் கடையில் டர்னிப், ரேப் தனித்தனியாக எடைபோட்டு வாங்கப்போகிறேன். கொம்புப் படம் இல்லாததால் விலையும் பாதிக்குக் கீழே. உங்களிடம் ஏற்கெனவே இப்படி ஒரு பை இருந்தால் டேக்கைக் கிழித்து எறியாதீர்கள். மாநில வேளாண் துறையில் புகார் கொடுக்க, டேக்கில் இருக்கும் லாட் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்) வேண்டும். மிச்ச விதையில் ஒரு டம்ளர் அளவாவது மூடி வையுங்கள், பில்லோடு சேர்த்து.