பாம்புக்கு இரை: கூண்டுக்குள்ளா, தனிப்பெட்டியிலா?

கார்ன் ஸ்நேக் (corn snake), பால் பைத்தான் (ball python) போன்ற பாம்புகளை வீட்டில் வளர்ப்பவர்களில் பலர் இரை கொடுக்கும்போது பாம்பைத் தூக்கித் தனி பிளாஸ்டிக் பெட்டியில் விடுகிறார்கள். கூண்டுக்குள்ளேயே கொடுத்துப் பழக்கினால், கதவைத் திறக்கும்போதெல்லாம் சாப்பாடு என்று நினைத்துக் கையைக் கடித்துவிடும் என்ற பயம்தான் காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரை கொடுப்பது வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறைதான், மற்ற நாளெல்லாம் தண்ணீர் மாற்றவும் சுத்தம் செய்யவும் கதவைத் திறக்கிறோமே! உண்மையான ஆபத்து, தனிப்பெட்டியில் தின்று முடித்த பாம்பை உடனே தூக்கித் திரும்ப விடுவதில்தான் இருக்கிறது: இரை வாசத்தில் அது கையையும் இரையென்று பாயலாம், வயிறு நிறைந்திருக்கும்போது தூக்கினால் விழுங்கியதைக் கக்கியும் விடலாம். பால் பைத்தானுக்குக் கூச்சம் அதிகம், இடம் மாறினாலே பல நேரம் சாப்பிடாது. ஒரே கூண்டில் இரண்டு பாம்பு இருந்தால் கட்டாயம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் (முதலில் அப்படிச் சேர்த்து வைக்கவே வேண்டாம்). கூண்டுத் தரையில் பரப்பியிருக்கும் மரச்சீவல் இரையோடு வாய்க்குள் போகும் என்று கவலையா? இரைக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். உறைந்த எலியை முழுதாக உருகவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சூடாக்கி, ஈரம் துடைத்து, நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். அப்புறம் 48 மணி நேரம் பாம்பைத் தூக்காதீர்கள்.