ஷெவெல், ஜி.டி.ஓ., ரோட் ரன்னர்: மூன்றில் எதை எடுப்பது?

1960-களின் அமெரிக்க நடுத்தர அளவுக் கார்கள் என்றாலே எல்லோரும் எஞ்சினில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் பின்சீட்டில் தொடங்குகிறேன். இந்தக் கார்களின் பின்சீட்டில் பிள்ளைகள் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். டிக்கியில் ஒரு குடும்பத்தின் ஊர்ப்பயணச் சாமான் முழுக்க அடங்கும். காலையில் பள்ளிக்கூட வாசலிலும் சாயங்காலம் கடை வாசலிலும் நின்ற வண்டிகள் இவை. அதே உடம்புக்குள்தான் 6, 7 லிட்டர் வி8 எஞ்சின்களை இறக்கினார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்த காரிடம் இல்லாத ஒரு வசீகரம் இவற்றுக்கு வந்தது அதனால்தான். ஷெவர்லே ஷெவெல், பான்டியாக் ஜி.டி.ஓ., பிளிமத் ரோட் ரன்னர் ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது நான் பார்ப்பதும் அதைத்தான்: குடும்பக் கார் என்ற அடித்தளத்தை எது கைவிடாமல் வைத்திருந்தது?

முதலில் கொஞ்சம் பின்னணி. 1962-ல் ஃபோர்டு தன் ஃபேர்லேனைச் சுருக்கி வெளியிட்டபோது இந்த நடு ரகம் பிடித்துக்கொண்டது. அதுவரை பெரும்பாலானோருக்குக் கிடைத்தவை ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போன பெரிய கார்கள், இல்லாவிட்டால் ஃபால்கன், கார்வெயர் மாதிரியான சின்னக் கார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) பதில் 1964 மாடல் ஆண்டில் வந்தது. ஒரே அடிப்படைச் சட்டத்தில் நான்கு சகோதரிகள்: ஷெவர்லே ஷெவெல், பான்டியாக் டெம்பெஸ்ட், ஓல்ட்ஸ்மொபீல் எஃப் 85, ப்யூக் ஸ்பெஷல். சக்கர இடைவெளி 115 அங்குலம். 1955 ஷெவர்லேக்கு இருந்ததும் சரியாக அதே 115 அங்குலம்தான். பத்து வருடத்துக்குள் பெரிய கார்கள் எவ்வளவு வீங்கிப்போயிருந்தன என்பதற்கு இது போதும்.

ஜி.டி.ஓ. பிறந்த கதை இந்த மூன்றிலும் சுவையானது. 1963 ஜனவரியில் ஜி.எம். தலைமை, தன் பிராண்டுகள் எல்லாம் கார் பந்தயத்திலிருந்து விலக வேண்டும் என்று உத்தரவு போட்டது. பந்தய வெற்றியைக் காட்டியே இளைஞர்களைப் பிடித்துக்கொண்டிருந்த பான்டியாக்குக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. அப்போது தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவரோடு இருந்த பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் ஒன்றைக் கவனித்தார்கள். டெம்பெஸ்டில் இருந்த 326 கன அங்குலக் கொள்ளளவு எஞ்சினும், பெரிய பான்டியாக்கில் இருந்த 389 கன அங்குல எஞ்சினும் வெளி அளவில் ஒன்றே. எடுத்து மாற்றினால் அதே மவுன்டில் உட்கார்ந்துவிடும்.

தடையாக இருந்தது ஒரு விதி: நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது. ஆனால் அந்த விதி புது மாடல்களுக்குத்தான். ஆப்ஷனாக விற்கும் பொருளுக்கு அது பொருந்தாது. ஆகவே ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாக இல்லாமல், டெம்பெஸ்டின் மேல்ரகமான லெ மான்ஸ் வாங்குபவர் சுமார் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் ஆப்ஷனாக வைத்தார்கள். பான்டியாக் தலைவர் பீட் எஸ்டெஸ் துணிந்து கையெழுத்துப் போட்டார். 5,000 கார் விற்றால் பெரிது என்று விற்பனைத் துறை நினைத்தது. முதல் ஆண்டில் விற்றது 32,450. தனி மாடலாக்கிய 1966-ல் 96,946. இந்த ஒரு தீர்மானத்தைப் பார்த்துத்தான் மற்ற எல்லா நிறுவனங்களும் களத்தில் இறங்கின. வரலாற்று முக்கியத்துவம்தான் அளவுகோல் என்றால் போட்டி இங்கேயே முடிந்துவிடும், ஜி.டி.ஓ.தான்.

அதன் அழகு பானட்டைத் திறந்தால் தெரியும். 1964 முதல் 1966 வரை கிடைத்த ட்ரை-பவர் அமைப்பில் மூன்று கார்ப்பரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும்தான் பெட்ரோல் கொடுக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஓரத்து இரண்டும் திறந்துகொள்ளும். 1964 மாடலில் 348 குதிரைத்திறன் மொத்தமாக எழும். நிதானமாகக் கடைக்குப் போகிற காரும் சீறிப் பாய்கிற காரும் ஒரே மிதியில் இருந்தன. அப்புறம் 1968-ல் வந்த எண்டியுரா முன்பக்கம்: க்ரோம் பம்பரைத் தூக்கிவிட்டு, காரின் நிறத்திலேயே, லேசாக இடித்தால் அமுங்கித் திரும்புகிற பொருளில் முகப்பைச் செய்தார்கள். இன்று பெரும்பாலான கார்களில் பம்பர் உடம்பின் நிறத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் முன்னே நடந்தவற்றில் ஒன்று இந்தக் கார்.

ஆனால் 1968 வாக்கில் ஜி.டி.ஓ. விலையேறிய, சொகுசான காராக மாறிவிட்டது. அந்த இடைவெளியைப் பார்த்து இறங்கியதுதான் பிளிமத் ரோட் ரன்னர். கணக்கு எளிமையானது: 3,000 டாலருக்குள் உண்மையான வேகம். 2-கதவு கூபேயின் ஆரம்ப விலை 2,896 டாலர். 383 கன அங்குல எஞ்சின், 335 குதிரைத்திறன், 4-கியர் பெட்டி எல்லாம் அந்த விலையிலேயே அடக்கம். வேறு எதுவும் அடக்கமில்லை. முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட், கீழே கார்பெட்டுக்குப் பதிலாக ரப்பர் விரிப்பு, பின் ஜன்னல் கண்ணாடி இறங்காது, ஓரத்தில் கொஞ்சமாக வெளியே தள்ளித் திறக்கலாம், அவ்வளவுதான்.

பெயருக்காகவும் பறவைப் படத்துக்காகவும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். கார்ட்டூன் பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று கத்தும் ஹாரன் ஒன்றைத் தனியாகச் செய்து, அதன் மேல் ரோட் ரன்னரின் குரல் என்று ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். பானட்டுக்குள் ஒளிந்திருக்கும் பொருளுக்குக்கூட இவ்வளவு சிரத்தை! முதல் ஆண்டிலேயே 40,000-க்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட இரு மடங்கு. கூடுதலாக 700 டாலருக்கு மேல் கொடுத்தால் 426 ஹெமி எஞ்சின், 425 குதிரைத்திறன். நேர்மையான கார் எது என்று கேட்டால் ரோட் ரன்னரைத்தான் சொல்வேன். வாங்குபவனிடம் எதை மிச்சம் பிடித்தோம், எதில் செலவு செய்தோம் என்பதை அது மறைக்கவே இல்லை.

சரி, ஷெவெலுக்கு வருவோம். மற்ற இரண்டையும் போல அதற்கு ஒரு சாகசப் பிறப்புக் கதை கிடையாது. கூபே, கன்வர்ட்டிபிள், 4-கதவு செடான், ஸ்டேஷன் வேகன் என்று எல்லா வடிவத்திலும் வந்தது. முன்பாதி ஷெவெலாகவும் பின்பாதி திறந்த சரக்குத் தொட்டியாகவும் எல் கமினோ. ஷெவெல் முதல் ஆண்டிலேயே 3 லட்சத்துக்கு மேல் விற்றது. நல்ல வேலைப்பாடுள்ள ரகத்துக்குக் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஊரான மாலிபுவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் ஷெவெலை விட நெடுநாள் வாழ்ந்தது. இடையில் நின்று, மறுபடி வந்து, 2024-ல்தான் உற்பத்தி நின்றது.

வேகத்தில் ஷெவெல் மெதுவாகத்தான் ஏறியது. 1965-ல் 396 கன அங்குல எஞ்சினோடு இசட் 16 என்று 201 கார்கள் மட்டும். 1966-ல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 396 எல்லோருக்கும் கிடைத்தது. இடையில் தளர்த்தியிருந்த எஞ்சின் அளவுக் கட்டுப்பாட்டை 1970-ல் ஜி.எம். முழுக்க எடுத்ததும் 454 கன அங்குல எல்.எஸ். 6 வந்தது. 450 குதிரைத்திறன், கால் மைலை 13 விநாடிச் சொச்சத்தில் கடந்தது. அந்த ஆண்டின் கௌல் இண்டக்‌ஷன் பானட் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு. கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதி அழுத்தமாகத் தேங்கும். பானட்டின் பின்னோரத்தில் கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு சின்ன மூடி வைத்தார்கள். முழுக்க மிதித்தால் மூடி படக்கென்று எழும்பி, அந்தக் குளிர்ந்த காற்றை நேரே கார்ப்பரேட்டருக்கு அனுப்பும்.

கட்டுமானத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஜி.எம். கார்கள் இரண்டும் தனிச் சட்டத்தின் மேல் உடம்பைப் போல்ட் போட்டு உட்கார வைத்தவை. நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். ரோட் ரன்னரில் உடம்பும் சட்டமும் ஒன்றே. முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்பிரிங். பிளிமத் இறுக்கமாக ஓடும். ஆனால் துருப்பிடித்துவிட்டால் வேலை கடினம், ஏனென்றால் துரு தின்பது உடம்பை மட்டுமல்ல, காரைத் தாங்குகிற எலும்பையும் சேர்த்து. ஷெவெலில் உடம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டத்தைத் தனியாகச் சுத்தம் செய்யலாம்.

பாகங்கள் விஷயத்தில் ஷெவெல் எங்கேயோ போய்விடுகிறது. அதன் சின்ன வி8 எஞ்சின், அமெரிக்காவில் மிகப் பரவலாகப் புழங்கிய எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்புத் தகடு, பம்பர், டாஷ்போர்டு எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பான்டியாக் எஞ்சின் முழுக்க அந்தப் பிராண்டின் சொந்த வடிவமைப்பு. ஷெவர்லே பாகம் அதில் ஏறாது.

ஷெவெலுக்கு ஒரு பெரிய குறையும் இருக்கிறது: போலிகள். 1966 முதல் 1971 வரை ஜி.டி.ஓ.வின் அடையாள எண் 242 என்று தொடங்கும். ரோட் ரன்னரின் எண் ஆர்.எம். என்று தொடங்கும். பார்த்த உடனே உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் 1969 முதல் 1972 வரை எஸ்.எஸ். என்பது வெறும் ஆப்ஷன் என்பதால் ஷெவெலின் அடையாள எண்ணில் அது தெரியாது. சாதாரண மாலிபுவில் சின்னங்களை ஒட்டி எஸ்.எஸ். என்று விற்பது எளிது. பான்டியாக்குக்கு அந்தக்கால விற்பனைப் பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. காசு கட்டினால் குறிப்பிட்ட காரின் பதிவு கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படி இல்லை. எந்தெந்தப் பாகத்தைப் பொருத்த வேண்டும் என்று எழுதி, தொழிற்சாலையில் காரோடு வந்த பில்ட் ஷீட்டைத் தேட வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்திலும் பின்சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளும் அந்தத் தாளைச் செருகி வைத்திருப்பார்கள். எலி கடிக்காமல், நனையாமல் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம்.

மூன்றும் விழுந்த கதை ஒன்றேதான்: காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1971-ல் ஜி.எம். எஞ்சின்களின் கம்ப்ரெஷனைக் குறைத்தது. ஜி.டி.ஓ. 1974-ல் சின்னக் காரான வென்ச்சுராவின் உடம்பில் ஓர் ஆண்டு ஓடி முடிந்தது. ஷெவெல் பெயர் 1977 வரை தாங்கியது.

என் தேர்வு ஷெவெல். எல்.எஸ். 6 அல்ல, எஸ்.எஸ்.கூட அல்ல. 1967 மாலிபு கூபே, 327 கன அங்குல எஞ்சின், 275 குதிரைத்திறன். 454-ஐ விட எடை குறைந்த எஞ்சின் என்பதால் முன்பக்கம் தரையை நோக்கி அழுந்தாது. வளைவில் சொன்னபடி கேட்கும். அந்த ஆண்டில்தான் இரட்டைப் பிரேக் குழாய் அமைப்பும், மோதினால் மடங்குகிற ஸ்டியரிங் தண்டும் ஜி.எம். கார்களில் வந்தன, முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் ஆப்ஷனாகக் கிடைத்தது. நான்கு டிரம் பிரேக்கோடு மலைச்சாலையில் இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். எஸ்.எஸ். இல்லை என்பதால் போலி பற்றிய கவலையும் இல்லை. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகலாம்.

வாங்கப் போகிறவர் ஒன்றை மட்டும் மறக்காமல் பார்க்கட்டும். கூரையில் வினைல் உறை ஒட்டியிருந்தால், பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில் விரலால் அழுத்திப் பாருங்கள். உறைக்கு அடியில் தேங்கும் ஈரம் அங்கேதான் முதலில் தகட்டைத் தின்னும். அங்கிருந்து ஒழுகும் தண்ணீர் டிக்கியின் தரையையும் அரிக்கும். மேலே தொட்டால் நெளிகிறது என்றால் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.