எமிலி இன் பாரிஸ்: விசா கேட்காத காதல்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்த ஊரை எடுத்தாலும் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ பிழைக்கிற ஆள் தெருவுக்குச் சிலராவது இருப்பார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போன பெண்ணின் காதலைச் சொல்லும் இந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரை அந்த வீடுகளில் போட்டால், அரைமணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: இவளுக்கு விசா எடுத்துக் கொடுத்தது யார்?

டேரன் ஸ்டார் உருவாக்கிய இத்தொடரின் முதல் சீசன் 2020 அக்டோபரில் வெளியானது. மேலதிகாரி கர்ப்பமானதால் அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சிகாகோவிலிருந்து பாரிசுக்கு வருகிறாள் எமிலி (லில்லி காலின்ஸ்). பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் விசா, காகிதம் தொடர்பான கவலை அவள் முகத்தில் தெரிவதில்லை. அமீரகத்துக்கு மனைவியைக் கூட்டிப்போகவே மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளம் காட்ட வேண்டும். கல்யாணத் தேதியையே அந்தக் கணக்கைப் பார்த்துக் குறிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன ஓட்டையாகத் தெரியாது.

காகிதக் கவலை தொடரில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது மற்றவர்கள் தலையில் விழுகிறது. இரண்டாம் சீசனில் பிரெஞ்சு வகுப்பில் அறிமுகமாகும் உக்ரைன் பெண் பெட்ரா, கடையில் காசு கொடுக்காமல் துணியை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். நாடு கடத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். உக்ரைனின் கலாசார அமைச்சராக இருந்த ஒலெக்சாந்தர் தக்காச்சென்கோ இந்தச் சித்திரிப்பைக் கண்டித்தார். அவர் கோபம் நியாயமானது. அந்தப் பாத்திரத்துக்குத் திருட்டையும் பயத்தையும் தவிர வேறு எதையும் எழுதவில்லை.

பலவகை முகங்கள் திரையில் இருக்கின்றன. ஷாங்காயிலிருந்து வந்த மிண்டி (ஆஷ்லி பார்க்) பணக்காரத் தகப்பனை மீறிக் குழந்தை பார்க்கும் வேலை செய்கிறாள், பாடுகிறாள், தோற்றுப்போன கதையையும் சொல்கிறாள். அவளுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைத்திருக்கிறது. அலுவலகத் தோழன் ஜூலியன் (சாமுவேல் ஆர்னால்ட்) கறுப்பினத்தவன், கூர்மையான பேச்சுக்காரன். ஆனால் முதல் சீசன் முழுக்க அவனுக்கு வீடு வாசல் கிடையாது, எமிலியின் கதைக்கு ஒத்து ஊதுகிறான். முகத்தை எண்ணுவதைவிட, அந்த ஆளுக்கு ஊரிலிருந்து போன் வருகிறதா என்று பாருங்கள். யாரை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தொடரின் நல்ல பகுதி இரண்டாம் சீசனில் வரும் ஆல்ஃபி (லூசியன் லாவிஸ்கவுண்ட்). லண்டனிலிருந்து வங்கி வேலைக்காக வந்தவன். பாரிஸ் பிடிக்கவில்லை, மொழியும் ஏறவில்லை. எமிலியோடு காதல் கனியும்போது வேலை முடிந்து ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத் தேதிக்குள் அடைபட்ட உறவு எப்படி இருக்கும் என்பது அங்கே சரியாக வந்திருக்கிறது. எந்தச் சபுராளி (வெளிநாட்டில் பிழைப்பவர்) வீட்டிலும் அது புரியும்.

பெரிய குறை, பாரிசையே பாதியாக வெட்டிவிட்டது. லா ஷாப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆகஸ்டு கடைசியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் தெருவில் வருகிறது, சிதறு தேங்காய் குவிகிறது. அந்நகரின் உணவக அடுப்படிகளில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்கிறார்கள். எமிலியின் இன்னொரு காதலன் கேப்ரியல் சமையல்காரன்தான், ஆனால் அவன் அடுப்படியில் வெங்காயம் அரிகிறவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தொடர் கேட்பதில்லை. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையிலிருந்து போனவர்கள் கட்டிய பாரிஸ் அது. அங்கே ஒரு நல்ல காதல் கதை எழுதப்படாமலே கிடக்கிறது.

பார்க்க நினைப்பவர்களுக்கு: முதல் சீசனில் 10 பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் அரைமணி. படுக்கையறைக் காட்சிகள் உண்டு. பெரியவர்கள், பிள்ளைகளோடு கூடத்தில் போட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் குறைத்த விலைப்படி மாதம் 149 ரூபாய்த் திட்டம் போன், டேப்லெட்டுக்கு மட்டும், டிவியில் ஓடாது. டிவிக்கு 199 ரூபாய்த் திட்டம் வேண்டும். இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒரு திரைதான். 2023 ஜூலை முதல் ஒரு கணக்கை ஒரே வீட்டுக்காரர்கள்தான் பயன்படுத்தலாம் என்பதால், ஷார்ஜாவில் இருக்கும் கணவரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நம்பிக் கட்டாதீர்கள். நேரம் குறைவென்றால் முதல் சீசனின் தொடக்கப் பகுதிகள் இரண்டைப் பார்த்துவிட்டு, நேராக இரண்டாம் சீசனுக்குப் போங்கள்.