அம்மாவின் வலக்கண்ணுக்கு இரண்டு அளவுகள்: திருகோணமலைப் பயணக் குறிப்பு

அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு உடனிருப்பதற்காக, நான்கு வார விடுமுறையில் லண்டனிலிருந்து திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். காலை ஆறரைக்கு உவர்மலையிலிருந்து ஓட்டோவில் புறப்பட்டு, ஒரு சிகிச்சை நிலையத்தின் வாங்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். எல்லாரும் அன்பாகவே நடந்துகொண்டார்கள். குறை இருந்தது, கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் வலுவைக் கணிப்பதற்காக அளவெடுத்த ஒழுங்கில்.

முதலில் மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை விட்டுக் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். உடனேயே விழிவெண்படலத்தின், அதாவது கருவிழியை மூடியிருக்கும் தெளிவான முன்படலத்தின், வளைவை அளக்கும் கருவியின் முன் அம்மாவை இருத்தினார்கள். இடையில் வேறொருவர் ஏதோ கேட்க, உதவியாளர் அவருக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை, "அசையாதேங்கோ" என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு அம்மா இமைக்காமலே இருந்தார். கருவி தந்த துண்டில், வளைவு குறைந்த திசைக்கும் கூடிய திசைக்குமாக, வலக்கண்ணுக்கு 44.75, 46.50 என்றும் இடக்கண்ணுக்கு 43.50, 44.00 என்றும் இருந்தது. ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே வளைவு உடையவை. சராசரிகளுக்கிடையே ஒரு டயொப்டருக்கு (ஒளியை வளைக்கும் வலுவின் அலகு) மேல் வேறுபாடு வந்தால் திரும்ப அளப்பதே முறை. இங்கே அது இரண்டை நெருங்கியும் ஒருவரும் கேள்வி எழுப்பவில்லை.

கருவி உண்மையில் படிப்பது விழிவெண்படலத்தின் மேல் படிந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் தெறிக்கும் ஒளியைத்தான். அப்படலம் காய்ந்தாலோ, சொட்டு மருந்தாலும் அழுத்தமானியின் தொடுகையாலும் குழம்பினாலோ, எண்ணும் பிசகிவிடும். அதனால்தான் வளைவை முதலில் அளக்க வேண்டும். கொன்ராக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதன் வகையைப் பொறுத்துச் சில நாட்களோ வாரங்களோ முன்பே அதைக் கழற்றிவைக்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் இருந்த கடற்றொழிலாளி ஐயாவுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து விழியின் மேல் ஏறியிருந்தது. வெயிலில் தொழில் செய்பவர்களிடம் அதிகம் காணப்படும் அந்த வளர்ச்சி வளைவையே மாற்றுவதால், அதை முதலில் அகற்றி, அளவு நிலைபெறும்வரை காத்திருக்கச் சொல்வதுண்டு.

நான் வற்புறுத்தியதால், ஒரு வாரம் செயற்கைக் கண்ணீர் விட்டபின் வேறோர் இடத்தில் மீண்டும் அளந்தார்கள். அங்கிருந்த பெண், "அம்மா, கண்ணை மூடித் திறவுங்கோ" என்று ஒவ்வொரு அளவுக்கும் முன் சொல்லி, மூன்று முறை எடுத்தார், மூன்றும் ஒத்துவந்தன. இடக்கண் அப்படியே இருக்க, வலக்கண் 44.00, 44.25 ஆகியிருந்தது. சராசரியில் ஒன்றரை டயொப்டர் குறைவு. வில்லையின் வலுவைக் கணிக்க நெடுங்காலம் கையாளப்பட்ட எஸ்.ஆர்.கே. சூத்திரத்தில் வளைவின் எண்ணை 0.9 ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். அக்கணக்கின்படி முதல் துண்டை நம்பியிருந்தால் ஏறத்தாழ 1.35 டயொப்டர் வலுக்குறைந்த வில்லை அம்மாவின் கண்ணுக்குள் போயிருக்கும், தூரப் பார்வைக்கும் கண்ணாடி தேவைப்பட்டிருக்கும்.

வைத்தியர் இரு துண்டுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்து, முதலாவதைப் பேனாவால் குறுக்கே வெட்டினார். சத்திரசிகிச்சைத் திகதி ஒன்பது நாள் தள்ளிப்போனதால் என் விமானச் சீட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.