துபாயில் வேகக் கார் வாடகைக்கு எடுக்கிறவர்களே, வலது முன் சக்கரத்தைப் பாருங்கள்

முதலில் பணக் கணக்கு. பாரிமுனையில் ஒரு மாடியறை ஏஜென்டிடம் 4,500 ரூபாய் கொடுத்தேன். துபாயில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் 3,000 திர்ஹாம் டெபாசிட் கட்டினேன். அதில் திரும்பி வந்தது 1,700. மீதி 1,300 திர்ஹாம், நம் பணத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய், போனது போனதுதான். இரண்டு இடங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் கார் யார்டில் எட்டு வருடமாக வேலை. ஒரகடம் பக்கத்திலிருந்து ட்ரெய்லரில் வந்து இறங்கும் புதுக் கார்களை ஓட்டிப்போய் ரோரோ கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே கை நுழையும் இடைவெளிதான் இருக்கும். கண்ணாடியை மடக்கிவிட்டு, கதவை வண்டியில் இடிக்காமல் திறந்து, உடம்பைச் சுருக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற அந்த வண்டிகளில் நிறைய இடப்புற ஸ்டீயரிங் வண்டிகள். ஆகவே வெளிநாட்டில் வண்டி ஓட்டுவது எனக்குப் புதிதல்ல என்ற மிதப்பு இருந்தது. யார்டில் எதிர்வண்டி கிடையாது, அம்புக்குறி பார்த்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம் என்பது அந்த மிதப்பில் மறந்துபோயிற்று. இடப்பக்கம் உட்காருவது ஒன்று, சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது வேறொன்று. இந்தத் தவறு என்னுடையது, யாரும் ஏமாற்றி ஏற்றியதில்லை.

வேக வண்டி ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த காலத்தில், சைக்கிளின் பின்னால் உட்கார்த்தி என்னைக் கூட்டிப்போவார். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எனக்கு நினைவிருப்பது புழுதியும் காதடைப்பும்தான். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது, வடசென்னைக்கு மிஞ்சியது கண்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டாவது கியரிலேயே ஆயுளைக் கழிக்கிறவனுக்கு மூன்றாவது கியருக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வராதா?

தங்கை குடும்பம் துபாய் அல் குசைஸில் இருக்கிறது. இந்த ஜனவரியில் இரண்டு வாரம் போகலாம் என்று முடிவானதும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்காக அலைந்தேன். யாரோ சொல்லி பாரிமுனைக்குப் போனேன். ஏஜென்ட் மூன்றே நாளில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார். உலக உருண்டைப் படம், ஹாலோகிராம், பத்து வருடம் செல்லுபடி. பத்து வருடம் என்றபோதே நான் விழித்திருக்க வேண்டும். இந்தியாவில் இந்த அனுமதியைக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மட்டும்தான். அது அட்டை அல்ல, சிறு புத்தகம். அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும், கட்டணம் 1,000 ரூபாய். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, உரிமம், பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்தால் போதும். தண்டையார்பேட்டை அலுவலகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அதை விட்டுவிட்டு நாலரை மடங்கு கொடுத்துப் பொம்மை வாங்கினேன்.

அமீரகத்தில் சுற்றுலாப் பயணியாகப் போகும் இந்தியர் நம் ஊர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, இந்த அனுமதியும் வேண்டும். கார் நிறுவனத்துப் பையன் என் அட்டையை வாங்கி, இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, லேசாகச் சிரித்து, படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். "நானும் ராயபுரம்தான் அண்ணா" என்றான். அந்தச் சிரிப்பை ஊர்ப்பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

விளம்பரத்தில் இருந்தது சிவப்பு மஸ்டாங், ஐந்து லிட்டர், வி8 இன்ஜின். நாள் வாடகை 600 திர்ஹாம், 250 கிலோமீட்டர் வரை. டெபாசிட்டை ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தேன். கடன் அட்டையில் பிடித்திருந்தால் பிறகு வங்கியிடம் முறையிடவாவது வழி இருந்திருக்கும். பாஸ்போர்ட்டையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அங்கே மட்டும் மாப்பிள்ளை குறுக்கே வந்து, நகல் மட்டும்தான் தருவோம் என்று பிடிவாதமாக நின்றார். நம் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதை அடகு வைக்க நமக்கே உரிமை இல்லை. அன்று அதைக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவின் தொகை இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

மாலை ஆறரை மணி, தரைக்குக் கீழே வாகன நிறுத்தம், மங்கிய விளக்கு. கார் அப்போதுதான் கழுவி ஈரமாக நின்றது. ஈரப் பெயின்டில் கீறல் தெரியாது என்று யார்டில் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். என்னிடமே அதைச் செய்தார்கள். வண்டியின் நிலையைக் குறிக்கும் தாளில் காரின் படம், மேலே நாலைந்து பெருக்கல் குறி. சக்கரங்களைக் குறிக்க அந்தப் படத்தில் இடமே இல்லை. கையெழுத்துப் போட்டேன். என் கண் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தது, தாளின் மேல் இல்லை. தங்கை மகன் மட்டும் நண்பர்களிடம் காட்டுவதற்காகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து முப்பது படம் எடுத்தான்.

மறுநாள் விடியற்காலை ஜெபல் ஜைஸ் மலைக்குக் கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைத் தட்டினேன். மழையே இல்லாத ஊரில் வைப்பர் கரகரவென்று கண்ணாடியைத் தேய்த்தது, பின்சீட்டில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் வீட்டில் ஓட்டும் வண்டியில் இண்டிகேட்டர் வலது கைக்கு, இதில் இடது கைக்கு. வேகமானியில் பெரிதாக இருந்தது மைல் கணக்கு. எண்பதில் போகிறோம் என்று நிம்மதியாக இருந்தபோது உண்மையில் போனது 128 கிலோமீட்டர்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. "மச்சான், ஓரக்கல் என் பக்கம் வருகிறது" என்று மாப்பிள்ளை நாலைந்து முறை கத்தினார். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், பின்னால் நடந்தது எல்லாம் இதை வைத்துத்தான். இத்தனை வருடமும் வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர்கள் நாம். தடத்தின் வலப்பாதியில் நம் உடம்பு இருந்தால்தான் வண்டி நடுவில் இருப்பதாக மனம் கணக்குப் போடும். இடப்பக்கம் உட்கார்ந்த பிறகும் அதே கணக்கு ஓடும். அப்போது வண்டியின் முழு அகலமும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஓரக்கல்லை நெருங்கும். பழகும்வரை இடக் கண்ணாடியில் தடக் கோட்டைப் பார்த்து, வேண்டுமென்றே கோட்டை ஒட்டி உட்கார வேண்டும்.

ரவுண்டானாவில் பயந்தேன், ஆனால் அங்கே தவறு நடக்கவில்லை. மற்ற வண்டிகள் எதிர்க்கடிகாரமாகச் சுற்றும்போது கூடவே போய்விடலாம், இடப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட்டால் போதும். தவறு நடந்தது ஆளில்லாத இடத்தில். பெட்ரோல் போட்டுவிட்டு வெறிச்சோடிய சாலையில் இடது பக்கம் திரும்பினேன், திரும்பியதும் கை தானாக நம் ஊர் இடப்பக்கத்துக்குப் போயிற்று. எதிரே லாரி விளக்கு தெரிந்தபோது மூவரும் பேசவில்லை. பின்னால் எடுத்து, வலப்பக்கம் ஒதுங்கி, இரண்டு நிமிடம் சும்மா நின்றோம்.

அந்த பெட்ரோல் நிலையத்தில்தான் பானெட்டையும் திறந்து பார்த்திருந்தேன். வி8 இல்லை. 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ. பக்கவாட்டில் ஒட்டியிருந்த 5.0 சின்னத்தை நகத்தால் நெம்பினேன், ஓரம் பெயர்ந்தது. அந்த மாடலில் இன்ஜின் சத்தத்தைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகவும் கூட்டிக் கொடுக்கிறார்கள். முந்தின நாள் நான் மயங்கிய உறுமலில் பாதி பாட்டுப்பெட்டியிலிருந்து வந்தது. எட்டு வருடம் கார் யார்டில் இருந்துவிட்டு இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனதை வேலை இடத்தில் இன்னும் சொல்லவில்லை.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. மலை ஏறியபோது எல்லாம் மறந்துபோயிற்று. கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிரேக்கை விட்டு, வளைவு விரியும்போது ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் முதுகை யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. முந்நூறு சொச்சம் குதிரைச் சக்தி எனக்குப் போதவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலே குளிர் காற்று, கீழே மடிப்பு மடிப்பாக மொட்டைப் பாறை. அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். ராயபுரத்துப் பையன் கைவிளக்கோடு வந்தான். பானெட்டைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக வலது முன் சக்கரத்துக்குப் போய் மண்டியிட்டான். அலாய் ரிம்மின் விளிம்பில் தூண்டில் முள் வடிவத்தில் ஒரு கீறல். "நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம்தான் உரசுவார்கள் அண்ணா, வருத்தப்படாதீர்கள்" என்றான்.

உடனே நம்பினேன். நாள் முழுக்க ஓரக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தவன் நான்தானே? எங்கே உரசினோம் என்று தெரியாவிட்டாலும் உரசியிருப்போம் என்று தோன்றியது. மன்னிப்புக்கூடக் கேட்டேன்! ரிம்முக்கு 1,800, வேக அபராதம் 600, பதினொரு முறை சாலிக் என்ற சாலைச் சுங்கச்சாவடியைக் கடந்ததாகவும் அதற்குச் சேவைக் கட்டணமாகவும் 140. கூடுதல் கிலோமீட்டருக்கு 60 போட்டிருந்தார்கள், அது நியாயமான கணக்கு.

இரவு சாப்பிடும்போது தங்கை மகன் தன் படங்களைக் காட்டினான். பதினேழாவது படத்தில் வலது முன் சக்கரம். அதே தூண்டில் முள். நாங்கள் வண்டியைத் தொடுவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

மறுநாள் படத்தோடு போனோம். பாசம் போய்விட்டிருந்தது. படத்தின் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார்கள். வி8 எங்கே என்றால், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான வண்டி" என்ற பொடி எழுத்தைக் காட்டினார்கள். போலீசுக்குப் போவோம் என்றேன். "தாராளமாக. எந்த அனுமதியில் ஓட்டினீர்கள் என்று முதல் கேள்வி கேட்பார்கள். உங்கள் அட்டை வெறும் அட்டைதான் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றான். முதல் நாள் சிரிப்பின் பொருள் அப்போதுதான் விளங்கியது. பாரிமுனை அட்டையை அவன் படமெடுத்தது இதற்காகத்தான். அனுமதி செல்லாதென்றால் விபத்து நேர்ந்தாலும் காப்பீடு கைவிட்டிருக்கும். அந்த லாரி விளக்கு மறுபடி கண் முன்னால் வந்து போயிற்று.

மாப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. "போலீஸ் தாள் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அமீரகத்தில் மோதல் சேதத்துக்குப் போலீஸ் அறிக்கை இல்லாமல் பணிமனையில் வேலை செய்யக் கூடாது. அறிக்கை இல்லாமல் 1,800 திர்ஹாம் ரசீது எந்தப் பணிமனையிலிருந்து வரும்? செல்லாத அட்டை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்தது யார்? அபராதத்தை வண்டி எண் போட்டுப் போலீஸ் தளத்திலேயே பார்த்தார். தேதி நாங்கள் வண்டி எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இருந்தது. சுங்கப் பட்டியலில் ஒரு பதிவு, நாங்கள் மலை உச்சியில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். துபாயில் நுகர்வோர் புகார் பிரிவு இருக்கிறது, அங்கே எழுதுகிறேன் என்றார். மூன்று மணி நேரம் பேச்சு, இடையில் இரண்டு முறை டீ. கடைசியில் 1,700 திர்ஹாமை எண்ணிக் கொடுத்தார்கள். முழுவதையும் கேட்டுப் போராடியிருக்கலாம், ஆனால் என் அட்டை என் வாயைக் கட்டியிருந்தது. அடுத்த நாள் விமானம் வேறு.

ஊர் திரும்பி பாரிமுனை மாடி ஏறினேன். "நான் மொழிபெயர்ப்பு அட்டை என்றுதானே சொன்னேன்" என்றார் ஏஜென்ட். ரசீதை எடுத்துப் பார்த்தால் "ஆவணச் சேவை" என்றுதான் இருக்கிறது. அனுமதி என்ற சொல்லே இல்லை.

போன வாரம் யார்டில் ஒரு தம்பி, அடுத்த மாதம் துபாய் போகிறேன் அண்ணா, மலிவாக ஒரு மஸ்டாங் பார்த்து வைத்திருக்கிறேன் என்று கைப்பேசியை நீட்டினான். அதே சிவப்பு வண்டி, புதுப் படம், முன்னால் ஒரு பூங்கொத்து. வலது முன் சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூண்டில் முள் அப்படியே இருக்கிறது.