தண்டவாளம் துடைக்கும் வண்டி: கடையில் வாங்குவதா, பரீட்சை அட்டையில் செய்வதா?

நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய என் எச்ஓ (HO) மாதிரி ரயில் லேஅவுட்டில் தண்டவாளம் துடைக்கும் வேலையை இப்போது ஒரு பழைய கூட்ஸ் வேகன்தான் பார்க்கிறது. அதன் அடியில் பரீட்சை அட்டைத் துண்டு ஒன்று தொங்குகிறது. இப்படி ஒரு வண்டி எந்த நாட்டு ரயில்வேயிலும் கிடையாது, பார்க்கவும் சகிக்காது. நிஜ ரயில் மாதிரியே எல்லாம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் கை ரப்பர், வேக்குவம் வண்டி, உருளை வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதில்தான் வந்து நின்றிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். நடுநிலை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். நிஜ ரயிலில் ஒரு அச்சு இருபது டன் அளவுக்குத் தண்டவாளத்தை அழுத்துகிறது. அந்த எடைக்கு அடியில் சாதாரணத் தூசி எம்மாத்திரம்? (இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைகள் தண்டவாளத்தில் வழவழப்பாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவத் தனி ரயிலே விடுகிறார்கள். அதாவது நிஜ ரயில்வேக்கும் இந்தத் தொல்லை கொஞ்சம் உண்டு.) 1:87 அளவில் நம் என்ஜின் சில நூறு கிராம்தான். அதற்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் வருகிறது. சக்கரம் தொடும் இடத்தில் கண்ணுக்கே தெரியாத அழுக்குப் படலம் இருந்தாலும் மின்சாரம் தடைப்பட்டுவிடும். சென்னை மாதிரி ஊரில் ஜன்னல் தூசி, ஃபேன் காற்று, கியரில் விட்ட எண்ணெய், பிளாஸ்டிக் சக்கரத்தின் தேய்மானம், சக்கரத்தடியில் வரும் சின்னச் சின்னப் பொறி எல்லாம் சேர்ந்து கறுப்பு மையாகப் படிகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

கை ரப்பரில், அதாவது கையில் பிடித்துத் தண்டவாளத்தைத் தேய்க்கும் ரப்பர் கட்டியில், பேச அதிகம் இல்லை. புதிதாகப் பதித்த பாதையில் ஒட்டிய பெயிண்ட், ஃபெவிகால் ஆகியவற்றை எடுக்க அதை விட்டால் வழி கிடையாது. எல்லாரிடமும் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் வாராவாரம் தேய்க்க ஆரம்பித்தால் சிக்னலை உடைப்போம், ஓவர்ஹெட் கம்பியில் சட்டைக் கையை மாட்டிக்கொள்வோம், சுரங்கத்துக்குள் கை போகாது. சொரசொரப்பான ரப்பர் தண்டவாளத்தின் தலையில் நுண்ணிய கீறல்களையும் போடும், அடுத்த அழுக்கு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்புத்தாளைத் தண்டவாளத்தில் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது வேக்குவம் வண்டி. பார்த்தவுடன் ஆசை வருகிற சாமான். உள்ளே குட்டி மோட்டார் இருக்கிறது. மாடலைப் பொறுத்துத் தூசியை உறிஞ்சும், சுழலும் வட்டத்தால் தேய்க்கும், சிலவற்றில் சுத்தம் செய்யும் திரவம் ஊற்றச் சின்ன டேங்கும் உண்டு. ஜல்லி ஒட்டிய பிறகு உதிர்ந்து கிடக்கும் தூள், செயற்கைப் புல்லின் நார் இதையெல்லாம் அள்ள இதை மிஞ்ச ஆளில்லை. அந்த விஷயத்தில் என் அட்டை வண்டி தோற்றுத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

குறை எங்கே என்றால், அந்த மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் அதே அழுக்குத் தண்டவாளத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கே அழுக்கு அதிகமோ அங்கே மோட்டார் திக்கும். நான் வைத்திருந்த வண்டி சுத்தமான மெயின் லைனில் ஓஹோவென்று பாடிக்கொண்டு போகும், உண்மையிலேயே துடைக்க வேண்டிய சைடிங்குக்குள் (பக்கப் பாதைக்குள்) நுழைந்ததும் முனகிக்கொண்டு நிற்கும். அப்புறம் பராமரிப்பு. உறிஞ்சிய நார் மோட்டார் தண்டில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க மேல்கூட்டைக் கழற்றி, ட்வீசரால் ஒவ்வொரு இழையாக இழுக்க வேண்டும். தேய்க்கும் வட்டம் தேய்ந்துபோனால் மாற்று வட்டத்தை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அந்தச் சின்னப் பொட்டலத்துக்கு ஆகும் தபால் செலவை நினைத்தாலே துடைக்கும் ஆசை போய்விடும்.

மூன்றாவது உருளை வண்டி. கனமான பித்தளை உருளையில் துணியைச் சுற்றி, துணியில் கொஞ்சம் திரவம் நனைத்து இழுத்துப் போவது. இதை நண்பர் ஒருவரின் லேஅவுட்டில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சொந்தமாக வைத்திருந்ததில்லை. அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். சுத்தம் என்று பார்த்தால் நான் பார்த்தவற்றில் இதுதான் முதலிடம். ஈரத்துணி என்பதால் மை கரைந்து வந்துவிடுகிறது. ஆனால் துணி காய்ந்தால் பயனில்லை, ஈரம் கூடினால் பின்னால் வரும் என்ஜின் ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுகிறது. துணி எங்காவது கிழிந்தால் பித்தளை இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தொடும், ஷார்ட் ஆகி மொத்த லேஅவுட்டும் நின்றுவிடும். அப்படி நின்றதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோளாறு ஒயரிங்கில்தான் என்று நினைத்து எல்லாரும் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தோம்.

இனி நம்ம வண்டி. யோசனை என்னுடையது இல்லை. கலிபோர்னியாவின் மான்டரேயில் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற புகழ்பெற்ற லேஅவுட்டைக் கட்டிய ஜான் ஆலன் பெயரைச் சொல்லித்தான் இந்த வகை வண்டியை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அவர் 1973 ஜனவரியில் காலமானார், சில நாட்களிலேயே அந்த லேஅவுட்டும் தீயில் போனது. தத்ரூபமான காட்சிகளுக்குப் பேர்போன அதே லேஅவுட்டில் ஷண்டிங்குக்கு எம்மா என்று ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரும் இருந்தது! வேகனை இழுக்க டைனோசர் வைத்தவரையே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் அட்டைக்கு மட்டும் எதற்கு முகச்சுளிப்பு என்பதுதான் என் வாதம்.

அமெரிக்காவில் மேசனைட் என்பார்கள். நமக்கு அது ஹார்ட்போர்டு. மர நாரை வேகவைத்து அழுத்திய பலகை, மின்சாரம் கடத்தாது, அதனால் ஷார்ட் பயமே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த பழுப்பு அட்டை அதுதான். கார்ட்டூன் ஒட்டிய பளபளப்பு அட்டை உதவாது, பழைய பழுப்புப் பலகையே வேண்டும். ஒரே அட்டையில் வாழ்நாளுக்குப் போதுமான துண்டுகள் தேறும்.

சுமார் 50 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பாதையின் இடைவெளி 16.5 மி.மீ. என்பதால் இரண்டு பக்கமும் அட்டை கொஞ்சம் வெளியே நீட்டும், நீட்டட்டும். முன், பின் விளிம்புகளைச் சறுக்குப் பலகை போல மேல்நோக்கிச் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. பாயிண்ட்ஸ் (பாதை பிரியும் இடம்), செக் ரெயில் (சக்கரத்தைத் தடத்தில் வைக்கும் துணைத் தண்டவாளம்), லெவல் கிராசிங் பலகை, பாதையில் முழுதாக இறங்காத ஆணித்தலை என்று எது கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் கூர்மையான விளிம்பு அதில் இடித்துத் தடம் புரளும். சொரசொரப்பான வலைப்பின்னல் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். அந்தப் பக்கத்து நார் பாயிண்ட்ஸின் முனையில் பிய்ந்து விழுவதால், வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து அதையே கீழே வைத்திருக்கிறேன்.

அட்டையின் மேல்பக்கம் நடுக்கோட்டில், முன்னும் பின்னும், இரண்டு தட்டைத்தலை ஆணிகளைத் தலை கீழாக அரால்டைட்டில் ஒட்டுங்கள். வேகனின் தரையில் போகிகளுக்கு (சக்கரத் தொகுதிகளுக்கு) நடுவே அதே இடைவெளியில் இரண்டு துளை. துளை தாராளமாக இருக்கட்டும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலை வெட்டி உள்ளே குழாயாகச் செருகினால் ஆணி சிக்காமல் ஏறி இறங்கும். அட்டை எதிலும் கட்டப்பட்டிருக்காது. ஆணிகள் துளைக்குள் மிதக்கும், அட்டை தன் எடையிலேயே தண்டவாளத்தில் படுத்து வரும். ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். ஸ்பிரிங் வைத்தால் அது வேகனைத் தூக்கும், சக்கரம் பாதையை விட்டு எழும்பும்.

எடை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். வேகனுக்குள் எவ்வளவு காரீயம் போட்டாலும் அது சக்கரத்துக்குத்தான் போகும், துடைப்பதற்கு ஒரு பைசா பயன் இல்லை. அட்டையின் முதுகில்தான் எடை வேண்டும். டயர் கடையில் கழற்றிப் போட்ட பழைய வீல் வெயிட்டைக் கேட்டால் கொடுப்பார்கள். அது காரீயமாக இருந்தால் சுத்தியலால் 2 மி.மீ. தகடாகத் தட்டி ஆணிகளுக்கு நடுவே ஒட்டலாம். கிட்டத்தட்ட முப்பது கிராம் வரும், அதுவே போதும். (தட்டிய பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காரீயம் விளையாட்டு இல்லை.) வேகனின் எடைக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரையே சரி: எச்ஓவில் ஒரு அவுன்ஸ், கூடவே நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் என்றால் சுமார் 113 கிராம்.

இதெல்லாம் செய்கிற கதை. நான் இந்த வண்டியின் பக்கம் சாயக் காரணம் வேறு: துடைக்கும் வண்டியை யார் துடைப்பது? எந்தத் துடைப்பானும் ஓடிய கொஞ்ச நேரத்தில் அழுக்காகிவிடும். அப்புறம் அது அழுக்கை எடுப்பதில்லை, ஒரு இடத்து மையை இன்னொரு இடத்தில் பூசிக்கொண்டு போகிறது. ஆகவே, எடுத்துச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரம், எவ்வளவு எரிச்சல் என்பதுதான் கணக்கு. வேக்குவத்துக்கு ஸ்க்ரூடிரைவர், ட்வீசர், பொறுமை மூன்றும் வேண்டும். உருளைக்குப் புதுத் துணி, திரவம், கைநாற்றம். அட்டை வண்டியில் வேகனை மேலே தூக்கினால் போதும். ஆணிகள் துளையிலிருந்து தானாகக் கழன்று அட்டை பாதையிலேயே கிடக்கும். திருப்பிப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. மேசையில் விரித்த உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் கோடு போய்ப் பழுப்பு நிறம் வந்துவிடும். மறுபடி ஆணிகளைத் துளைக்குள் கோத்து இறக்குவதில் மட்டும் கொஞ்சம் தடவல் உண்டு, நாளடைவில் விரலுக்குப் பழகிவிடும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி முடித்துவிடலாம். சுலபமாக இருப்பதால் செய்கிறேன், செய்வதால் பாதை சுத்தமாக இருக்கிறது. விலை உயர்ந்த வண்டி அலமாரியில் தூங்குவதைவிட இது மேல்.

அட்டை வண்டி எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இது அழுக்கு சேராமல் பார்த்துக்கொள்ளும் வண்டி, சேர்ந்து காய்ந்துபோன அழுக்கை எடுக்காது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த லேஅவுட்டுக்கு முதலில் கை ரப்பர், பிறகு துணியில் கொஞ்சம் திரவம், அதற்கப்புறம்தான் இது. திரவத்துக்குப் பெயிண்ட் கடை டர்ப்பென்டைன் வகையே நல்லது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மறுபடி கறுப்பைச் சீக்கிரம் வரவழைக்கும் என்று ஒரு கட்சி இருக்கிறது. என் பாதையில் பெரிய வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை. எதைப் போட்டாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், காய்ந்த பிறகு ரயிலை விடுங்கள். டர்ப்பென்டைன் ஈரமாக இருக்கும் பாதையில் மோட்டார் உள்ள வேக்குவத்தை ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

செங்குத்தான ஏற்றத்தில் சின்ன என்ஜினால் இதை இழுக்க முடியாது. நான் கனமான டீசலின் முன்னால் கோத்துத் தள்ளவிடுகிறேன், என்ஜினின் சக்கரம் அட்டை துடைத்த இடத்தில் ஏறும் என்பதால். வளைவிலும் பாயிண்ட்ஸிலும் தள்ளும்போது தடம் புரண்டால், என்ஜினுக்குப் பின்னால் மாற்றிவிடுங்கள். ‘என்’ (N) என்கிற இன்னும் சின்ன ஸ்கேல் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. 9 மி.மீ. பாதையில் அட்டையும் எடையும் இன்னும் சிறுத்துப்போகும், அங்கே உருளையோ வேக்குவமோ முந்தலாம்.

அடிக்கடி புல்லும் ஜல்லியும் தூவிக்கொண்டே இருப்பவர் வேக்குவத்தை வாங்குங்கள், பணம் வீணாகாது. பெரிய கிளப் லேஅவுட், ஆள் பலம் உண்டு என்றால் உருளை. வீட்டில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டம் என்றால் அட்டைதான். கப்ளர் நன்றாக இருக்கிற, ஆனால் பெயிண்ட் போன ஒரு வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். தரை பிளாஸ்டிக்காக இருந்தால் துளை போட எளிது. அடியில் இரும்பு எடைத்தகடு ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பெயர்த்து மேலே இரண்டு ஓரத்துக்கும் மாற்றிவிட்டு டிரில்லை எடுங்கள்.