கோழியையும் சேர்த்து எண்ணிய சீட்டுக்கட்டு

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பையன் கைப்பேசியோடு மூலையில் உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு எழுதுபொருள் கடையில் இந்த 'உலக நாடுகள்' சீட்டுக்கட்டை வாங்கினேன். 18 வெள்ளி 90 காசு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நாடு, அதன் மக்கள்தொகை, பரப்பளவு, உயரமான மலை, அப்புறம் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை, 'கால்நடையில் குதிரையின் பங்கு' என்று ஒரு வரி. யார் எண் பெரிதோ அவர் எதிராளியின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் மலாயில்தான் இருக்கிறது, ஆனால் அது பிள்ளைகளுக்குச் சிரமமாக இல்லை.

அட்டை நல்ல கனம், படமும் தெளிவு. பெட்டிதான் மோசம், இரண்டாம் நாளே கிழிந்தது. ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறோம் (கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும் ரப்பர் வளையத்துக்கு வீட்டில் பஞ்சமில்லை).

சண்டை வந்தது அந்தக் குதிரை வரியில்தான். பையன் கையில் கசக்ஸ்தான், 4 சதவீதம். தங்கச்சி கையில் மங்கோலியா, 6 சதவீதம். தோற்றதும் அவன் "அங்கதான் குதிரைய சாப்பிடவே செய்றாங்க, எப்படிக் கொறையும்?" என்று அழாத குறையாகக் கேட்டான். கேள்வி சரியானது. குதிரை இறைச்சியில் செய்யும் காஸி, குதிரைப் பாலைப் புளிக்கவைத்த குமிஸ் இரண்டும் கசக் வீடுகளில் விருந்துச் சாப்பாடு. சுமார் 5500 வருடத்துக்கு முன்பே அந்த நாட்டின் வடக்கில் பொத்தாய் என்ற இடத்து மக்கள் குதிரையை நம்பித்தான் வாழ்ந்தார்கள், அங்கே தோண்டி எடுத்த எலும்பில் பெரும்பகுதி குதிரை எலும்பு. அப்படிப்பட்ட நாட்டுக்கு நாலுதானா என்று எனக்கும் உறுத்தியது, உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

2019 எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். மங்கோலியாவில் மொத்தக் கால்நடை ஏறக்குறைய 71 மில்லியன், அதில் குதிரை 4.2 மில்லியன், அதாவது 6 சதவீதம், அட்டையில் உள்ளது சரி. கசக்ஸ்தானில் குதிரை 2.8 மில்லியனுக்கு மேல், மாடு 7.4, ஆடு இரண்டு வகையும் சேர்த்து சுமார் 19, கொஞ்சம் பன்றி, ஒட்டகம். கூட்டினால் 30 மில்லியன் சொச்சம், குதிரை 9 சதவீதம் தாண்டுகிறது. அப்படியென்றால் 4 எங்கிருந்து வந்தது? அங்கே 45 மில்லியன் கோழி வாத்து இருக்கிறது, அதையும் கூட்டலில் போட்டுவிட்டார்கள்! மங்கோலியர் 'ஐந்து கால்நடை' என்று சொல்வது குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு மட்டும்தான், அந்த 71 மில்லியனில் கோழி கிடையாது. ஒரு நாட்டுக்குக் கோழியோடு, இன்னொரு நாட்டுக்குக் கோழி இல்லாமல் கணக்குப் போட்டு இரண்டையும் மோதவிட்டால் பையன் தோற்காமல் என்ன செய்வான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்து லயத்தில் மாடு வளர்த்தவர் அவர். "மாட்டை எண்ண கிராணி வருவாரு, கோழிய எந்தக் கிராணிடா எண்ணுனான்?" என்றார் (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்). அவ்வளவுதான், தீர்ப்பு பேரனுக்குச் சாதகம்.

அதே அட்டையில் இன்னொரு குறையும் இருக்கிறது, ஆனால் இதைத் தவறு என்று சொல்ல முடியாது. எந்த வருடத்துக் கணக்கு என்று போடவில்லை. 1990இல் மங்கோலியாவில் குதிரை 2.3 மில்லியன்தான், ஆனாலும் பங்கு கிட்டத்தட்ட 9 சதவீதம். குதிரை ஏறக்குறைய இரண்டு மடங்கான பிறகு பங்கு 6க்கு இறங்கியதற்குக் காரணம் வெள்ளாடு. மந்தை தனியார் கைக்குப் போனதும் காஷ்மீர் ரோமத்துக்காக எல்லாரும் வெள்ளாட்டைப் பெருக்கினார்கள், 5 மில்லியன் இருந்தது 29 மில்லியன் ஆனது. மேய்ச்சலுக்கென்று அவர்களிடம் வேறொரு கணக்கும் உண்டு, ஒரு குதிரை 7 செம்மறிக்குச் சமம், மாடு 6, ஒட்டகம் 5, வெள்ளாடு 0.9. அப்படிப் பார்த்தால் 2019இல் அங்குள்ள புல்லில் கால் பங்கு குதிரைக்குத்தான் போயிருக்கும். தலையை எண்ணினால் 6, வயிற்றை எண்ணினால் 25. இதையெல்லாம் ஒரு அட்டையில் எதிர்பார்க்க முடியாதுதான், வருடமாவது போட்டிருக்கலாம்.

மலேசியா அட்டையில் அந்த வரியில் 0. ஈப்போவில் பந்தயக் குதிரை ஓடுகிறதே என்று மகள் கேட்டாள். ஓடுகிறது, ஆனால் கோழி கோடிக்கணக்கில் இருக்கிற நாட்டில், அதுவும் இவர்கள் எண்ணுகிற மாதிரி எண்ணினால், அது எங்கே தெரியும்.

மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கேட்டேன், பெட்டி திறந்தால் எடுக்க மாட்டார்களாம். சரி, கசக்ஸ்தான் அட்டையில் 4ஐ அடித்து 9 என்று பேனாவால் எழுதியாயிற்று. மற்ற வரிகள் விளையாட நன்றாகவே இருக்கின்றன, கைப்பேசி ஒரு வாரமாக அலமாரிமேல் கிடக்கிறது. விலைக்கு மோசமில்லை, ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தங்கச்சிதான் இன்னும் அந்தத் திருத்தத்தை ஒத்துக்கொள்ளவில்லை, தாத்தா அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்கிறாள்.